வெள்ளையாக இருந்த பல்தான் உடைந்திருந்தது

வாண்டுவுக்கு ஒன்பது வயது. டாக்ஸ்ஹண்ட். குட்டைக் கால், நீள மூக்கு, வீட்டில் யார் எந்த டப்பாவைத் திறந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கும் முகம். அவன் வாய்க்காக ஒன்றரை வருடத்தில் நான் வாங்கிய சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீரில் கலக்கும் திரவம், மெல்லும் குச்சி இரண்டு வகை, பாதி கடித்த மான்கொம்பு, விரலில் மாட்டும் சிலிக்கான் பிரஷ், பிதுக்கிப் பிதுக்கி ஒட்டிப்போன என்சைம் பேஸ்ட் டியூப். இது போக இரண்டு முறை பல் சுத்தம்: ஒன்று மயக்க மருந்து இல்லாமல், இன்னொன்று மயக்க மருந்து கொடுத்து. எதில் காசு வீண், எதில் இல்லை என்று எழுதி வைத்தால் நாய் வளர்க்கும் வேறு யாருக்காவது உதவுமே என்றுதான் உட்கார்ந்தேன். கடைசியில் உங்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது.

முதலில் நாற்றம்தான் வந்தது. நாய் வாய் என்றால் நாறத்தானே செய்யும் என்று நான் விட்டுவிட்டேன். "இது எப்பவும் வர்ற வாடை இல்லைங்க, நனைஞ்ச துணியை மூட்டை கட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்று மனைவி சொன்னபோதும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் சாப்பிடும் விதம் மாறியது. உணவு உருண்டையை இடது பக்கம் கடிக்கப் போவான், கீழே போடுவான், தலையைச் சாய்த்து வலது பக்கமாக எடுத்துக் கடிப்பான். தட்டைச் சுற்றி எச்சில் பட்ட உருண்டைகள் நாலைந்து கிடக்கும். வயதாகிறது, பாவம் என்று நினைத்தேன். தட்டு காலியாகிறதே, வலி இருந்தால் சாப்பிடுவானா என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. பல் வலிக்கிறது என்று நாய் சாப்பாட்டை விடுவது அபூர்வம். வலிக்காத பக்கமாகக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடும்.

முதலில் வாங்கியது தண்ணீரில் கலக்கும் திரவம். இதில் சிரமம் எதுவும் இல்லை, அதனால்தான் எல்லோரும் இதில் தொடங்குகிறோம். இரண்டு வாரம் வாடை கொஞ்சம் அடங்கியது. பல்லில் இருந்த பழுப்புக் காரை இம்மியும் அசையவில்லை. அசையாதுதான், கல்லாக இறுகிப்போனதைக் குடிக்கும் தண்ணீர் எப்படிக் கரைக்கும்? வாங்குவதாக இருந்தால் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது நாய்க்கு விஷம். ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், அளவு கூடினால் ஈரலையும் கெடுக்கும். நாம் பல் தேய்க்கும் பேஸ்டை நாய்க்குப் போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் ஃப்ளோரைடும் நுரைப்பானும் வேறு இருக்கும். நாய் எதையும் துப்பாது, விழுங்கத்தான் செய்யும்.

மெல்லும் குச்சிகளில் ஒன்றில் வி.ஓ.எச்.சி. முத்திரை இருந்தது. கால்நடை மருத்துவர்களின் வாய்ச் சுகாதாரக் குழு ஒன்று, சோதனை முடிவுகளைப் பார்த்து, பல்லில் படியும் அழுக்குப் படலத்தையோ, அது இறுகிய காரையையோ ஓரளவு குறைக்கிறது என்று ஒப்புக்கொண்ட பொருளுக்குத் தரும் முத்திரை அது. முத்திரையைக் குறை சொல்ல முடியாது. குறை வாண்டுவிடம். குச்சி என்பது மெல்லுவதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு கடி, ஒரு விழுங்கல். பொறுமையாக மெல்லும் நாயாக இருந்தால் வாங்கலாம், எடைக்கு ஏற்ற அளவு பார்த்து.

"இவன் விழுங்காத மாதிரி கெட்டியாக ஏதாவது கொடுப்போம்" என்று நான் வாங்கி வந்ததுதான் மான்கொம்பு. ஒரு மாதம் விடாமல் கடித்தான். எனக்குப் பெருமை. சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது மயக்க மருந்து இல்லாத பல் சுத்தம். ஒன்பது வயது நாய்க்கு மயக்க மருந்தா என்று பயந்துதான் போனேன். நாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு கொக்கிக் கருவியோடு முன்னும் பின்னும் சுரண்டினார்கள். காரை சில்லு சில்லாக விழுவதைப் பார்க்க எனக்கு ஒரு திருப்தி. அரை மணி நேரத்தில் முடிந்தது. வாண்டு நடுங்கிக்கொண்டே வெளியே வந்தான், ஆனால் பல் முத்துமாதிரி இருந்தது. உதட்டைத் தூக்கிப் படம் எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பினேன். இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இடது மேல் கடைவாயில் இருக்கும் பெரிய பல்லின் வெளிப்பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருப்பது எனக்கே தெரிகிறது. அன்று எனக்கும் தெரியவில்லை, சுரண்டியவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் இடது கண்ணுக்குக் கீழே வீக்கம். ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று நினைத்தோம். மருந்து கொடுத்தார்கள், ஐந்தாம் நாள் வற்றிவிட்டது. மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடி மருந்து, மறுபடி வற்றல். மூன்றாவது தடவை வீங்கியபோது, காலையில் லேப்ரடாரோடு நடக்க வரும் ஒரு அக்கா வாண்டுவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு இல்ல தம்பி, பல்லு. எங்களுதுக்கும் இப்படித்தான் ஆச்சு. எக்ஸ்ரே இருக்கிற இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போ." அந்த வார்த்தைக்கு நான் இன்னும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது சேவை பற்றிய விமர்சனம். பல்லுக்கென்று சிறிய எக்ஸ்ரே கருவி இருக்கும் கிளினிக் அது. முதல் நாள் ரத்தப் பரிசோதனை மட்டும்: சிறுநீரகம், ஈரல், ரத்த அணுக்கள். நெஞ்சில் ஸ்டெத் வைத்து நெடுநேரம் கேட்டார் டாக்டர். வயது ஒரு நோய் இல்லை, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி என்றார். என் பயத்தைக் கிண்டல் செய்யாமல் பதில் சொன்ன விதம் பிடித்திருந்தது. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் விடுவார்களாம். சுத்தம் செய்யும்போது தெறிக்கும் தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குப் போகாமல் அது காக்கும். உடம்பு சில்லிடாமல் கீழே சூடான விரிப்பு. நான் போன முறை கேட்காத கேள்விகளுக்கெல்லாம் இங்கே கேட்காமலே பதில் வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டு எக்ஸ்ரேயைக் காட்டினார். மேல் கடைவாயில் இருப்பதிலேயே பெரிய பல். இடது பக்கத்தில் இருப்பதற்கு அவர்கள் கணக்கில் 208 என்று எண். மூன்று வேர் உள்ள பல் அது, வேர் நுனி போய் நிற்பது கண்ணுக்குக் கீழே. படத்தில் ஒரு வேரின் நுனியைச் சுற்றி, விளக்கைச் சுற்றி வரும் வட்டம் மாதிரி ஒரு கறுப்பு வளையம். அந்த இடத்தில் எலும்பு கரைந்துவிட்டது என்று அர்த்தமாம். மேலே பார்த்தால் பல் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. சில்லு பெயர்ந்த இடத்தின் வழியாக உள்ளே கிருமி போய், சீழ் கட்டி, வெளியே வர வழி தேடி முகத்தில் வீங்கியிருக்கிறது. மருந்து சீழை அடக்கும். செத்த பல் உள்ளே இருக்கும்வரை வீக்கம் திரும்பத் திரும்ப வரும்.

"கெட்டியா எதையாவது கடிக்கக் கொடுத்தீங்களா?"

மான்கொம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன். அவர் திட்டவில்லை. நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், உங்கள் முட்டியில் தட்டினால் வலிக்கும் எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்து கொம்பை எடுத்து என் முட்டியில் தட்டிப் பார்த்தேன். நன்றாகவே வலித்தது.

208-ஐ மூன்று துண்டாக வெட்டி எடுத்தார்கள். கீழ் முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்ததால் அவையும் போயின. வளர்ந்த நாய்க்கு 42 பல், வாண்டுவிடம் இப்போது 39. மீதிப் பற்களை ஈறுக்குக் கீழே வரை சுத்தம் செய்து பாலிஷ் போட்டார்கள். பாலிஷ் முக்கியமாம். சுரண்டிய பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், வழவழப்பாக்காமல் விட்டால் அழுக்கு முன்னைவிடச் சீக்கிரம் ஒட்டும். மயக்க மருந்து இல்லாமல் செய்த இடத்தில் வெளியே தெரியும் பாதியைத்தான் சுரண்டினார்கள், பாலிஷ் என்ற பேச்சே எழவில்லை. நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விடச் சம்மதிக்காது.

குறையும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே அவசரம். அன்று ராத்திரி வாண்டு விடிய விடிய முனகினான். வலி என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. மயக்கம் தெளியும்போதும் சில நாய் அப்படி முனகும் என்பதைக் காலையில் போன் செய்து நானேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிளம்பும்போதே ஒரு வரி சொல்லியிருக்கலாம். எக்ஸ்ரே நகலும் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கிடைத்தது. கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட வேண்டியிருக்கும். வலிக்கு நாய்களுக்கென்று உள்ள மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுப்ரோஃபென் நாய்க்கு ஆகவே ஆகாது. இரண்டு வாரம் ஊறவைத்த உணவு. மூன்றாம் நாளே தட்டை நக்கி நகர்த்திக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினான். தையல் தானாகக் கரைந்துவிட்டது. ஒரு மாதத்தில் இடது பக்கமாகவும் கடிக்க ஆரம்பித்தான். அங்கே பெரிய பல்லே இல்லை, ஆனாலும் கடிக்கிறான். அதைப் பார்த்த அன்றுதான் எத்தனை நாள் வலியோடு இருந்திருக்கிறான் என்று எனக்கு உறைத்தது. அந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. முன்னதற்கு ஒன்று, அதுவும் துண்டில் பத்திரமாகச் சுற்றிப் பிடித்திருந்தார்களே என்பதற்காக.

பேஸ்ட், பிரஷ் விஷயத்துக்கு வருவோம். சாப்பிட்டதும் பல்லில் படியும் மெல்லிய படலம் இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடுகிறது. நாயின் உமிழ்நீர் காரத்தன்மை உள்ளது, அதனால் நம்மைப் போல் சொத்தைப்பல் அதிகம் வராது, காரை மட்டும் சுருக்காகப் படியும். ஆக வாரத்துக்கு ஒரு தடவை தேய்ப்பது தேய்க்காததற்குச் சமம். தினமும் தேய்க்க வேண்டும். சிலிக்கான் விரல் பிரஷ் எங்களுக்கு ஒத்துவரவில்லை. என் விரலே தடி, அதன்மேல் ரப்பர் உறை, வாண்டுவின் வாயோ குறுகல். கடைவாய் வரை எட்டாது. எட்டிய ஒரு நாள் விரலோடு சேர்த்துக் கடித்தான். ரப்பர் முள் ஈறு ஓரத்தில் நுழைவதும் இல்லை. குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ்தான் சரி. நார் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படுகிற மாதிரிச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக. வாயைத் திறக்கவே வேண்டாம். உதட்டை மட்டும் தூக்கி வெளிப்பக்கம் தேய்த்தால் போதும், அழுக்கு அதிகம் படிவதும் அங்கேதான்.

என்சைம் பேஸ்ட் நுரைக்காது, கழுவ வேண்டியதில்லை. கோழி மணம் என்று போட்டிருக்கிறது. எனக்கு என்னவோ அட்டைப்பெட்டி மணம்தான் வந்தது, ஆனால் கருத்துச் சொல்ல வேண்டியவன் நான் இல்லையே. முதல் வாரம் விரலில் தடவி நக்க மட்டும் கொடுத்தேன். இரண்டாம் வாரம் முன்பல், மூன்றாம் வாரம் கடைவாய். அவசரப்பட்டால் காரியம் கெடும். இப்போது ராத்திரி டியூப் மூடி 'டிக்' என்ற சத்தம் கேட்டாலே படுக்கையை விட்டு வந்து நிற்கிறான். மூடி ஒரு மாதத்தில் விரிசல் விட்டதும், பாதி பேஸ்ட் வாயோரத்தில் காய்ந்துபோனதும் குறை. பல்லைச் சுத்தமாக்குவது பேஸ்டா பிரஷ்ஷா என்று கேட்டால் பிரஷ்தான். பேஸ்ட் அவன் நிற்பதற்கான கூலி. பேஸ்டுக்கு நாலு கொடுக்கலாம்.

இனி நான் கேட்க வந்தது. மயக்கத்தில் இருந்தபோது ஈறு ஓரத்தில் அளவுக்கம்பி விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கம்பி இறங்கும் ஆழம் நாய்க்கு மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் பரவாயில்லையாம். வாண்டுவின் வலது மேல் கோரைப்பல்லில், அண்ணத்துப் பக்கம், ஆறு. டாக்ஸ்ஹண்டுகளுக்கு அந்த இடம் அடிக்கடி கெடும் என்கிறார்கள். இன்னும் ஆழமானால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். தும்மலும் சளியுமாக இருக்கும். இப்போதைக்கு உள்ளே சுத்தம் செய்து மருந்து வைத்திருக்கிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி மயக்கம் கொடுத்து அளக்க வேண்டும். குறையவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அந்தப் பக்கம் பிரஷ்ஷும் எட்டாது, அவன் வாயைத் திறந்து காட்டினால்தானே.

கோரைப்பல் எடுத்த நாய் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அளந்து அளந்து காத்திருந்தீர்களா, முதலிலேயே எடுத்துவிட்டீர்களா? எடுத்த பிறகு மேலுதடு உள்ளே மடிந்து கீழ்ப்பல்லில் கடிபடுகிறதா? அண்ணத்துப் பக்கம் பிரஷ் விட யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். நேற்று ராத்திரி இரண்டு தடவை தும்மினான். பேஸ்ட் மூக்கில் ஏறியதாகவும் இருக்கலாம்.