மலையே இல்லாத ஊரில் மலைக்காட்சி: ஆரம்பப் பள்ளியில் ஓவியம் சொல்லித்தர எந்த வழி நல்லது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஏதாவது ஓர் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, "பிடிச்சதை வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஓர் ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை, மேலே டிக் போட்ட மாதிரி நாலு பறவை. தேவனாம்பட்டினத்துப் பிள்ளை நிஜத்தில் பார்ப்பது கடலிலிருந்து எழும் சூரியனை. நம் ஊரில் மலை என்று பெயர் வாங்கிய கேப்பர் மலைகூட மேலே தட்டையான செம்மண் மேடுதான். கெடிலமும் தென்பெண்ணையும் இங்கே சமதரையில் நடந்து கடலில் சேர்கின்றன. முக்கோணத்தை அந்தப் பிள்ளை எங்கே பார்த்தது? கரும்பலகையில் பார்த்தது, அக்காவின் நோட்டில் பார்த்தது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஓவியம் எப்படிச் சொல்லித் தருவது என்ற கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான். தன் கண்ணால் பார்த்ததை நம்பலாமா, அல்லது பெரியவர் போட்டுக் காட்டியதுதான் சரியா என்பதைப் பிள்ளைகள் இந்த வயதில் ஓவிய வகுப்பிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு நடைமுறை விஷயம். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரைக்கு அப்படி எதையும் சொல்லவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பதுதான் அங்கே கணக்கு. ஆக, தமிழ் நடத்தும் அதே டீச்சர், இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துக்கொண்டு ஓவியமும் நடத்த வேண்டும். "எனக்கே வரைய வராதே, நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதனால் எந்த வழியையும் நான் இரண்டு விதமாகத்தான் எடைபோடுகிறேன்: வரையத் தெரியாத ஆசிரியரால் அதை நடத்த முடியுமா? வகுப்பு முடிந்து போகும்போது பிள்ளையிடம் என்ன மிஞ்சுகிறது?

பலகையைப் பார்த்து வரைவது

பரவலாக நடப்பது இதுதான். ஆசிரியர் பலகையில் ஒரு படம் போடுவார், பிள்ளைகள் நோட்டில் போடுவார்கள். 2 எழுதி வாத்து ஆக்குவது, 8 எழுதி பூனை ஆக்குவது எல்லாம் இந்த வகைதான். இப்போது அந்த இடத்தில் செல்போன் வீடியோ வந்திருக்கிறது. படிப்படியாகக் காட்டுகிறது, பிள்ளை நிறுத்தி நிறுத்தி வரைகிறது.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. முப்பது பிள்ளைகளும் அமைதியாக உட்காருவார்கள். மணி அடிக்கும்போது எல்லார் நோட்டிலும் ஒரு முழுப்படம் இருக்கும். அம்மா பார்த்தால் வாத்து என்று தெரியும். வளைவு, நேர்கோடு என்று கைக்கும் பழக்கம் கிடைக்கிறது.

ஆனால் அந்த வகுப்பில் பின்வரிசைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். பென்சிலைவிட ரப்பர்தான் அதிகம் வேலை செய்யும். வாத்தின் கழுத்து பலகையில் உள்ள மாதிரி வரவில்லை என்று தாள் கிழியும்வரை அழிப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை "மிஸ், இது சரியா?" என்று ஒரு குரல் வரும். சரியான படம் ஒன்று பலகையில் இருக்கிறது, என்னுடையது அதைவிட ஒரு படி கம்மி: இந்த எண்ணத்தைத்தான் முப்பது பேரும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கை வேகமாக வரும் நாலைந்து பேர் "நல்லா வரையறவங்க" ஆகிவிடுகிறார்கள். மீதிப் பேர் ஏழு வயதிலேயே ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

வண்ணம் தீட்டும் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பிள்ளையை உட்காரவைக்க அது உதவும். ஓவிய வகுப்பில் அதற்கு இடம் இல்லை என்பது என் முடிவு.

இஷ்டம்போல் விட்டுவிடுவது

இதற்கு நேர் எதிர், ஒன்றும் சொல்லாமல் விடுவது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிஸெக் என்பவர் 1897-இல் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கி, பிள்ளைகள் வரைவதை அப்படியே மதிக்க வேண்டும் என்றார். அதே ஊரில் பார்வையற்ற பிள்ளைகளோடு களிமண்ணில் வேலை செய்து, பிறகு அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்டு, பிள்ளைகளின் ஓவியம் வயதோடு எப்படிப் படிப்படியாக மாறுகிறது என்று 1947-இல் விரிவாக எழுதினார். இன்றைக்கும் ஆசிரியர் பயிற்சியில் அவர் சொன்ன படிநிலைகள் வருகின்றன.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இந்த வழி அருமையாகப் பொருந்துகிறது. அந்த வயதில் கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள், யாரும் தூண்ட வேண்டாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டினால்தான் சிக்கல். "எதுவேணா வரை" என்று சொன்ன உடனே அந்த மலைக்காட்சி வந்து நிற்கிறது. மனப்பாடமாகக் கையில் இருப்பது அதுதானே! அப்புறம் ஒன்பது பத்து வயதில் பிள்ளை தன் படத்தை நிஜத்தோடு ஒப்பிடத் தொடங்குகிறது. "நான் வரைஞ்ச மாடு மாடு மாதிரி இல்ல" என்று அதற்கே தெரிகிறது. அந்த நேரத்திலும் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் நின்றால் அதைச் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன், பிள்ளையைக் கைவிடுவதுதான் அது.

கேள்வி கேட்டு வரையச் சொல்வது

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பலகையில் படம் இல்லை, ஆனால் பிள்ளையைச் சும்மாவும் விடவில்லை. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். பதிலை வாயால் கொஞ்சம் பேசிவிட்டு, தாளில் வரைகிறார்கள்.

கேள்வி எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "படகு வரைங்க" என்றால் பாதி வட்டமும் முக்கோணப் பாயும் வரும், அதுவும் நம் கடற்கரையில் யாரும் ஓட்டாத படகாக இருக்கும். "படகு கரைக்கு வந்ததும் முதல்ல யார் என்ன செய்வாங்க?" என்று கேட்டால் நடப்பதே வேறு.

மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, மூன்றாம் வகுப்பு, இந்தக் கேள்விக்கு வரைந்ததைச் சொல்கிறேன். ஃபைபர் படகைவிட ஐஸ் பெட்டி பெரிதாக இருந்தது. பெட்டிக்கு மூடி போட்டிருந்தும் உள்ளே இருக்கும் மீன் எல்லாம் வெளியே தெரிந்தது. வலையை இழுக்கும் அப்பாவின் ஒரு கை மட்டும் தாளின் பாதி நீளத்துக்குப் போயிருந்தது, இன்னொரு கை குட்டியாக நின்றுவிட்டது. படகுக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆட்கள் நேராக இருந்தார்கள், அந்தப் பக்கம் நிற்பவர்கள் தலைகீழாக இருந்தார்கள். ஏன் என்றால் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அவர்களை வரைந்திருக்கிறாள்.

பெரியவர் பார்த்தால் உடனே திருத்தக் கை வரும். திருத்த இதில் ஒன்றும் இல்லை. ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகள் முக்கியமானதைப் பெரிதாக்குவார்கள், உள்ளே இருப்பது தெரிந்தால் சுவரைத் தாண்டியும் வரைவார்கள், சுற்றி நிற்பவர்களைத் தரையில் விரித்த மாதிரி படுக்க வைப்பார்கள். லோவன்ஃபெல்டு விளக்கும் அதே வளர்ச்சிதான் நம் சோனாங்குப்பத்திலும் மஞ்சக்குப்பத்திலும் நடக்கிறது. அவளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "இவ்ளோ ஐஸ் எங்கேருந்து வந்துச்சு?" உடனே தாளின் ஓரத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினும், காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் தம்பியும் வந்துவிட்டார்கள். எந்தப் பலகைப் படத்திலும் அந்தத் தம்பி கிடைக்க மாட்டான்.

இப்போது அந்த டீச்சரின் கேள்விக்கு வருவோம். வரையத் தெரியாதவரால் இதை நடத்த முடியுமா? முடியும். எல்லா வழிகளிலும் அவருக்கு மிகவும் ஒத்துவருவது இதுதான், ஏனென்றால் அவர் வரையவே வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களைவிட நன்றாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? "மழைக்கு லீவு விட்ட அன்னைக்கு வீட்டுக்குள்ள என்ன பண்ணீங்க?", "கரண்ட் போனா உங்க வீட்ல யார் எங்க உட்காருவாங்க?", "மாசி மகத்தன்னைக்குக் கடற்கரைல எதைப் பார்த்தீங்க?" இப்படி ஒரு வருடத்துக்கான கேள்விகளை ஒரே மாலையில் எழுதிவிடலாம்.

கஷ்டங்களும் உண்டு, மறைக்க வேண்டாம். வகுப்பில் சத்தம் வரும். பலகையைப் பார்த்தே பழகிய பிள்ளைகள் முதலில் "தெரியாது மிஸ், நீங்க போட்டுக் காட்டுங்க" என்று பிடிவாதமாக நிற்பார்கள். சில வாரம் பொறுக்க வேண்டும். படம் புரியாமல் பெற்றோர் முகம் சுளிக்கலாம். இதற்கு நல்ல வழி, பிள்ளை சொல்வதை அதன் வார்த்தையிலேயே படத்துக்குக் கீழே எழுதிவிடுவது. எழுதத் தெரிந்த பிள்ளை தானே எழுதட்டும். எழுத்து சொல்லித்தரவே நேரம் போதவில்லை என்று கவலைப்படும் ஆசிரியருக்கு ஒன்று சொல்லலாம்: பிள்ளை எழுதக் கற்கும் முன் வரையக் கற்க வேண்டும் என்று காந்தி தன் சுயசரிதையில் சொல்கிறார். பூவையும் பறவையையும் பார்த்துக் கற்பதுபோல எழுத்தையும் பார்த்துக் கற்றால் கையெழுத்து தானே அழகாகும் என்பது அவர் எண்ணம்.

கைநேர்த்திக்கு உதவி வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை, கிரையானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அகலமான பட்டை வரும், இதையெல்லாம் தனித்தாளில் காட்டுங்கள். பிள்ளையின் தாளில் ஆசிரியரின் கை படவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோலம் மட்டும் ஏன் விதிவிலக்கு?

பார்த்துப் போடுவதுதான் தவறு என்றால் கோலத்தை என்ன செய்வது என்று கேட்கலாம். அம்மா போடுவதைப் பார்த்துத்தான் கோலம் வருகிறது. ஆனால் கோலத்தில் பிள்ளை பிடித்துக்கொள்வது அதன் விதியை. சிக்குக் கோலத்தில் கம்பி, அதாவது வளைந்து போகும் கோடு, எந்தப் புள்ளியின் மேலும் ஏறக்கூடாது, எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும், தொடங்கிய இடத்தில் வந்து மூட வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் 5 புள்ளி 5 வரிசையில் அம்மா போடாத கோலத்தைப் பிள்ளை தானே போடும். சரியா தப்பா என்று மிஸ்ஸைக் கேட்கவும் தேவையில்லை, கம்பி மூடவில்லை என்றால் அதற்கே தெரியும். வாத்துப் படத்தால் இப்படி அடுத்த படத்துக்கு வழிகாட்ட முடியாது. சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலில் 'இலக்கணம்' என்று சொல்லும் விதித்தொகுப்பாக ஆராய்ந்ததும் கோலத்தில் இப்படி விதி இருப்பதால்தான்.

செலவும் இல்லை, சாக்பீஸும் பள்ளித் தாழ்வாரமும் போதும். ஆண் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு புள்ளிக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி வரும் ஊடுபுள்ளிக் கோலத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, புள்ளிக்கு நேரே புள்ளி வரும் நேர்ப்புள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினால் நன்றாக வருகிறது.

களிமண்ணும் காகிதக் கூழும்

புதுச்சேரிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக் கூழ் கைவினைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் அவர்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, மண் பிசைவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பென்சில் பிடிக்கவே சிரமப்படும் முதல் வகுப்புப் பிள்ளைக்கு, தாளைவிட மண் எளிது. பிடிக்காவிட்டால் உருட்டி மறுபடி தொடங்கலாம். காகிதக் கூழுக்கு ஊறவைத்த பழைய பேப்பரும் மைதாப் பசையும்தான் வேண்டும். காய நாளாகும், அதனால் வெள்ளிக்கிழமை செய்து திங்கட்கிழமை வண்ணம் அடிக்கலாம். கை கழுவத் தண்ணீர் இல்லாத பள்ளியில் இரண்டையும் தொடாதீர்கள்.

பாடத்தோடு கலையைச் சேர்க்கும் முறை இப்போது பரவலாகி வருகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாறியிருக்கும் மத்திய பாடத்திட்டமும் அதை வலியுறுத்துகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் நடைமுறையில் அது இலையின் பாகங்களை வரைந்து அம்புக்குறி போடுவதாகச் சுருங்கிவிடுகிறது. அது அறிவியல் நோட்டு. அதைக் காரணம் காட்டி ஓவியப் பீரியடை எடுத்துக்கொள்ளக் கூடாது.

வகுப்புவாரியாக என் கணக்கு இது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு மண்ணும், பெரிய தாளும், தடிமனான மெழுகுக் கிரையானும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மூடி தொலைந்து இரண்டு நாளில் காய்ந்துவிடும், அழுத்தத்துக்கு ஏற்ற கோடும் அதில் வராது. மூன்றாம் வகுப்பில் கேள்வியும் கோலமும் மாறி மாறி. நான்கு, ஐந்தில் கேள்வியோடு, நிஜப் பொருளைப் பார்த்து வரைவதைச் சேர்க்கலாம். வாசலில் கழற்றிப்போட்ட தன் செருப்பையே எதிரே வைத்து வரையச் சொல்லுங்கள். தேய்ந்த குதிகாலும் ஒட்டுப்போட்ட வாரும் படத்தில் வந்தால் அந்தப் பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வயதில் பிள்ளை தானாக ஆசைப்பட்டு ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால் தடுக்க வேண்டாம். அது தானே எடுத்துக்கொண்ட பயிற்சி.

பெற்றோருக்கு ஒன்று. ஓவியத்தில் லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் இருக்கின்றன, அவற்றுக்குக் கைநேர்த்தி கட்டாயம் வேண்டும். ஆனால் அதெல்லாம் ஆரம்பப் பள்ளி முடிந்த பிறகு. அடுத்த வாரம் போட்டி என்று சொல்லி, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே தேசத் தலைவர் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்காதீர்கள். தலைப்பை மட்டும் சொல்லி, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு அனுப்புங்கள். பரிசு வராமல் போகலாம். திரும்பி வந்ததும் என்ன வரைந்தாய் என்று கேளுங்கள். சொல்வதற்கு அதனிடம் நிறைய இருக்கும்.