கோப்பு தொலையவில்லை, ஐயாயிரம் ரூபாய்தான் தொலைந்தது

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார். மலை இருக்கும், மரம் இருக்காது. கோயில் இருக்கும், சாமி இருக்காது என்பதும் அந்த வரிசையில் இருந்தது. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் அதை மட்டும் நாங்கள் எடுத்துவிட்டோம். காலியான அந்த இடத்தில் இப்போது என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: கம்ப்யூட்டரில் பைல் இருக்கும், தேடினால் இருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. ஊருக்குள் இருக்கும் ஒரு மாடிக்கடை, அவ்வளவுதான்.

அப்பா டைப்பிஸ்ட். பதிவு அலுவலக வாசலில் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்தவர், 2000-க்குப் பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார். அவர் தட்டிய பத்திர நகல்கள், மனுக்கள், எங்கள் குடும்பக் கணக்கு எல்லாமே சத்துவாச்சாரி வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் டி டிரைவில் கிடக்கின்றன. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. ஆற்காடு பக்கம் இருக்கும் நிலத்துக்குப் பாகப்பிரிவினை பேச்சு வந்ததும், அப்பா அடித்து வைத்திருந்த பழைய வரைவு தேவைப்பட்டது. பைலுக்குப் 'பாகம்' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

கீழே இருக்கும் தேடும் பெட்டியில் அடித்தேன். பைல் வரவில்லை; இணையத்தில் தேடட்டுமா என்று பிங் எட்டிப் பார்த்தது. பெயரை மாற்றி மாற்றி அடித்தேன். ஒன்றும் இல்லை. டி டிரைவைத் திறந்து அங்கேயும் தேடினேன். பச்சைக் கோடு மேலே ஊர்ந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடினேன். இந்த அவசரம் என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பொறுத்திருந்தால் அரை மணி நேரத்தில் அதுவே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும்.

சிபியூவைக் கழற்றி, ஸ்கூட்டியில் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டிக் கடைக்குப் போனேன். ஏப்ரலில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சர்வீஸ் கொடுத்ததும் அதே கடையில்தான். அந்தப் பழக்கம்.

"இன்னா சார், இன்னும் விண்டோஸ் பத்தையே வச்சினு கீறீங்க? அது அக்டோபரோட முடிஞ்சி போச்சே. அதான் பைலெல்லாம் போயினு கீது" என்றார் அந்தத் தம்பி. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தியது உண்மைதான், 2025 அக்டோபர் 14-ல். ஆனால் அதற்கு அர்த்தம், வழக்கமான பாதுகாப்பு அப்டேட் இனி வராது என்பது மட்டும்தான். நம் வீட்டு பைலை அது தொடுவதில்லை. இது அன்று எனக்குத் தெரியாது. அரைகுறையாகக் காதில் விழுந்த செய்தியை அவர் எடுத்துவிட்டதும் தலையாட்டிவிட்டேன்.

அப்புறம் திரையில் கட்டம் கட்டமாக ஏதோ ஓடவிட்டார். நடுவில் இரண்டு மூன்று கட்டம் சிவப்பானது. "பேட் செக்டர் சார், டிஸ்க்ல கெட்டுப்போன இடம். ஹார்ட் டிஸ்க் இன்னிக்கோ நாளைக்கோ. உடனே டேட்டா ரெக்கவரி பண்ணலன்னா அப்பா பைல் அத்தனையும் போயிடும்." ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டார். கூடவே ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி, அதாவது வேகமாக ஓடும் சேமிப்பு டிரைவ், போட்டுக்கொள்ளச் சொன்னார். எஸ்எஸ்டி வேண்டாம் என்றேன், ரெக்கவரியை ஐயாயிரத்துக்குப் பேசி முடித்தேன். பேரம் பேசி ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை.

மூன்றாம் நாள் சிபியூவையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்தார். பென் டிரைவில் 'ரெக்கவர்ட்' என்று ஒரு போல்டர், உள்ளே அப்பாவின் பைல்கள் அத்தனையும். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு: "டேட்டா ரெக்கவரி, 5000." ஜிஎஸ்டி எண் இல்லை, கையெழுத்து இல்லை. எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. தேடின பைல் கிடைத்துவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்தான். காட்பாடியில் படிக்கிறான். பென் டிரைவைச் செருகிப் பார்த்தவன், "மாமா, இது ரெக்கவரி இல்ல, காப்பி" என்றான்.

எப்படிடா சொல்கிறாய் என்றேன். டாக்குமென்ட் என்பதை அப்பா எப்போதும் ஆங்கிலத்தில் 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுத்தான் எழுதுவார். பென் டிரைவில் அந்தப் போல்டர் அதே எழுத்துப்பிழையோடு இருந்தது. அதற்குள் வருடவாரியாகச் சின்ன போல்டர்கள், பைல்களில் 2003, 2007 என்று பழைய தேதிகள், எதுவும் கலையவில்லை. நிஜமாகவே கெட்டுப்போன டிஸ்கிலிருந்து தோண்டி எடுத்தால் பல நேரம் பெயரும் தேதியும் இப்படி முழுசாக வராதாம். எண் போட்ட பைல்களாகக் குவிந்து கிடக்குமாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் நானே எங்கள் கம்ப்யூட்டரில் டி டிரைவைத் திறந்தேன். அதே எழுத்துப்பிழையோடு அதே போல்டர் போட்ட இடத்திலேயே இருந்தது. அதைத் தொட்டவர் யாரும் இல்லை.

சரி, ஹார்ட் டிஸ்க்? கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் கணக்கை அது எடுத்துக் காட்டும். எங்கள் டிஸ்கைத் திறந்ததும் மேலே நீலப் பெட்டியில் 'குட்' என்று வந்தது. மாற்றி ஒதுக்கிய செக்டர் பூஜ்யம், சந்தேகத்தில் நிற்கும் செக்டர் பூஜ்யம். கடையில் பார்த்த சிவப்புக் கட்டம் எந்த ஊர் டிஸ்கோடதோ.

பிறகு ஏன் தேடும்போது வரவில்லை என்பதுதான் மிச்சக் கேள்வி. விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் டிஸ்கைப் புரட்டித் தேடுவதில்லை; முன்கூட்டியே ஓர் அட்டவணை தயாரித்து வைத்துக்கொண்டு அதில்தான் பார்க்கிறது. நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் தேடாமல் கேட்லாக் பார்ப்பது போல. அந்த அட்டவணையைத் தயாரிக்கும் வேலைக்காரனின் பெயர் 'விண்டோஸ் சர்ச்'. பையன் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' என்று அடித்தான். நீளமான பட்டியல் வந்தது. கீழே 'விண்டோஸ் சர்ச்' வரியில் 'டிசேபிள்ட்'.

"யார் மாமா இத ஆஃப் பண்ணது?"

நான் பண்ணவில்லை. அந்த மாதிரி ஒரு பட்டியல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவன் சி டிரைவில் துழாவி, ஓரமாகக் கிடந்த ஒரு பேட்ச் பைலை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பைலைப் பிடித்தான். பெயர் 'ஸ்பீட்'. நோட்பேடில் திறந்தால் பத்துப் பன்னிரண்டு வரி, எல்லாமே எதையாவது நிறுத்தச் சொல்லும் கட்டளை. நான்காவது வரி விண்டோஸ் சர்ச்சை நிறுத்தச் சொன்னது. பைலின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தோம். இந்தக் கம்ப்யூட்டரில் அது உருவான நாள் ஏப்ரல் 11. மேஜை டிராயரில் இருந்த சர்வீஸ் சீட்டை எடுத்தேன். ஏப்ரல் 11.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் அட்டவணை போடும் வேலை பின்னால் ஓடினால் கம்ப்யூட்டர் திணறத்தான் செய்யும். அதை நிறுத்தினால் கொஞ்சம் லேசாகும். நிறைய கடைக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள், அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்தினேன், இனி கீழே இருக்கும் பெட்டியில் பைல் தேடினால் வராது என்று வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அணைத்துவிட்டுப் போன விளக்குக்கு, இருட்டாக இருக்கிறது என்று நான் அவரிடமே போய் ஐயாயிரம் கொடுத்திருக்கிறேன்.

சரிசெய்ய ஆன செலவு பூஜ்யம். அந்த வரியை இரட்டைக் கிளிக் செய்து, 'ஸ்டார்ட்அப் டைப்' என்பதில் 'ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்' என்று மாற்றி, 'அப்ளை' கொடுத்து, 'ஸ்டார்ட்' அழுத்தினான். அதோடு முடியவில்லை. கிளாசிக் என்ற வழக்கமான அமைப்பில் விண்டோஸ் நம் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் போல்டர்களையும் டெஸ்க்டாப்பையும்தான் அட்டவணையில் சேர்க்கும். டி டிரைவை அது கண்டுகொள்ளாது. கன்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' போய், 'மாடிஃபை' அழுத்தி, டி டிரைவுக்கு ஒரு டிக் போட்டோம். எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. இரவு முழுக்க ஓடவிட்டோம். இது எல்லாம் சரியாக இருந்தும் தேடல் ஏறுக்கு மாறாக நடந்தால், அதே இடத்தில் 'அட்வான்ஸ்ட்' உள்ளே 'ரீபில்ட்' இருக்கிறது. பழைய அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதும். நம் பைலை அது ஒன்றும் செய்யாது.

அவசரத்துக்கு இன்னொரு வழியும் காட்டினான். 'எவ்ரிதிங்' என்று ஓர் இலவச மென்பொருள், விண்டோஸின் அட்டவணையை நம்பாமல் டிஸ்கின் பைல் பட்டியலையே நேராகப் படிக்கிறது. 'பாகம்' என்று நான் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடிப்பதற்குள் பைல் வந்து நின்றது. ஐயாயிரம் ரூபாய் வேலை, இரண்டு வினாடி.

மறுநாள் நானே உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் வந்தன. பைலுக்கு உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லை அடித்தால் மட்டும் அப்பாவின் பைல் ஒன்றுகூட வரவில்லை. மறுபடியும் வயிற்றைக் கலக்கியது. விஷயம் வேறு. அப்பா அடித்தது வானவில் எழுத்துருவில். அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு இல்லை. பைலுக்குள் இருப்பது வேறு ஏதோ ஆங்கில எழுத்தும் குறியும்தான், எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. நாம் இன்று அடிக்கும் யூனிகோடு 'பத்திரம்' வேறு, அவர் அடித்த 'பத்திரம்' வேறு. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றல்ல. தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பைல் உங்கள் வீட்டிலும் இருந்தால் இதே கதைதான். எண்கள் மட்டும் பெரும்பாலும் எண்களாகவே இருக்கும். நிலத்தின் சர்வே எண்ணை அடித்தேன், அப்பாவின் ஏழு பைல் வரிசையாக வந்து விழுந்தது.

யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டாலும் ஊர்ப்பெயர் காலை வாரும். எங்கள் நிலம் அசையாமல் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. ஆனால் தாத்தா காலத்துப் பத்திரத்தில் அது வட ஆற்காடு ஜில்லா, அப்பாவின் வரைவில் வேலூர் மாவட்டம், 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். ராணிப்பேட்டை என்று தேடினால் பழைய பைல் எப்படி வரும்? ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்கள் எதற்கும் வராது. அவை வெறும் படம். அவற்றுக்கு நாமே பெயர் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். நான் இன்னும் முடிக்கவில்லை, தினம் பத்து வைக்கிறேன்.

திங்கட்கிழமை இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நாங்க ரெக்கவரி பண்ணதாலதான் சார் இப்ப டி டிரைவ்ல கீது" என்றார். பேட்ச் பைலை மொபைலில் படம் பிடித்துக் காட்டினேன். சத்தம் கொஞ்சம் இறங்கியது. "அது ஜெனரலா எல்லாருக்கும் போடறது சார்." தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடம் டைம் இருக்கிறது என்று வழியில் படித்ததை ஒப்பித்தேன். இரண்டாயிரத்தை எண்ணி மேஜைமேல் வைத்தார். மீதிக்கு 1915-ல் பதிவு செய்திருக்கிறேன், பார்ப்போம். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்காதது என் கேஸில் பெரிய ஓட்டை என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரிதான்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. பென் டிரைவுக்குக் காப்பி போனால், அது முதலில் கடைக் கம்ப்யூட்டருக்குத்தானே போயிருக்கும்? கேட்டேன். "எப்பவோ அழிச்சிட்டேன் சார்." திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டுத் திருப்பினார். 'கஸ்டமர்' என்று ஒரு போல்டர், அதற்குள் அப்பாவின் இனிஷியலோடு எங்கள் போல்டர். அம்மாவின் ஆதார், என் பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. என் கண் முன்னால் அழிக்க வைத்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வைத்தேன். வேறு எங்கும் ஒரு பிரதி இருக்காது என்று நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

எங்கள் போல்டருக்கு மேலேயும் கீழேயும் முப்பது நாற்பது பெயர் இருந்தது. 'பாகாயம் டீச்சர்' என்று ஒன்று, 'குடியாத்தம் கல்யாண ஆல்பம்' என்று ஒன்று. கல்யாண ஆல்பம் உங்களுடையது என்றாலோ, அந்த டீச்சர் நீங்கள்தான் என்றாலோ, மாடிக்கடை எது என்பது உங்களுக்கே தெரியும். போய்த் திரையைத் திருப்பச் சொல்லுங்கள்.