சதுர வடிகட்டி, வட்டத் துளை: ஆண்டு 5 பிள்ளைகளின் விண்வெளிப் பயணம்

மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் கல்விச் சுற்றுலாவுக்குத் துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. கோலாலம்பூரில் ஒரு தனியார் கற்றல் மையம். அங்கே பாவனை விண்வெளிப் பயணம் ஒன்றைப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். பாதிப் பேர் கட்டுப்பாட்டு அறையில், மீதிப் பேர் கலத்தில். நடுவில் சுவர். எதுவானாலும் மைக்கில் பேசித்தான் ஆகவேண்டும்.

திடீரென்று கலத்துக்குள் சிவப்பு விளக்கு. கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) கூடுகிறதாம். அதை உறிஞ்ச கையில் இருப்பது சதுர வடிகட்டி, பொருத்த வேண்டிய துளையோ வட்டம். அட்டை, பிளாஸ்டிக் பை, டேப், அவ்வளவுதான். 1970-இல் நிலவுக்குப் புறப்பட்ட அமெரிக்காவின் அப்போலோ 13 விண்கல வீரர்கள் இதே சிக்கலில்தான் மாட்டினார்கள். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, அவர்கள் மேலே செய்து முடித்தார்கள்.

வகுப்பில் வாயே திறக்காத என் மகள்தான் அன்று மைக்கில். "அந்தப் பைய இப்படிச் சுத்து" என்றாள். "எப்படி?" என்று கலத்திலிருந்து கேட்டார்கள். கையைக் காட்டினால் யாருக்குத் தெரியும்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "பை வாய் கீழ இருக்கணும். சதுரத்த முழுசா மூடு. ரெண்டு விரல் விட்டு டேப் ஒட்டு" என்றாள். விளக்கு பச்சையானதும் சுவருக்கு அந்தப் பக்கம் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. இந்த ஒரு பகுதிக்காகவே பிள்ளைகளை அனுப்பலாம்.

அதன் பிறகு மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபரைப் பற்றிச் சொன்னார்கள். 2007 அக்டோபரில் அவர் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் போனபோது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. அவர் எலும்பு மருத்துவர் என்றதும், "டாக்டரும் போலாமா டீச்சர்?" என்று ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

குறையும் உண்டு. ஹெட்செட் எல்லாருக்கும் போதவில்லை. ஒன்றிரண்டு வேலையே செய்யவில்லை. விளக்கம் முழுக்க வேகமான ஆங்கிலம். எங்கள் ஆசிரியை பக்கத்தில் நின்று தமிழில் சொல்லியிருக்காவிட்டால் பின்வரிசைப் பிள்ளைகள் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு 60 வெள்ளி என்பது பல வீடுகளுக்குப் பெரிய தொகை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பாதியை ஏற்றதால்தான் யாரும் விடுபடவில்லை.

முன்பதிவு செய்யும் ஆசிரியர்கள் மையத்தின் செய்முறை அட்டைகளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, தமிழில் ஒருமுறை வகுப்பில் படித்துக் காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். பேச்சு வராத பிள்ளையை முதல் சுற்றிலேயே மைக்கில் உட்கார வையுங்கள்.