பிரசவத்தில் உயர் இரத்த அழுத்தம்: முதுகு ஊசியா, மருந்தா?

கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் என் தங்கைக்கு 36ஆவது வாரத்தில் செருப்புக்குள் நுழையாத அளவுக்குக் கால்கள் வீங்கிவிட்டன. சுகாதார கிளினிக்கில் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் (கர்ப்பகாலப் பதிவேடு) இரத்த அழுத்தம் 168/112 என்று குறித்த தாதி, அன்றே அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற நோய் அது. பிரசவ அறையில், எபிடியூரல் (முதுகில் மெல்லிய குழாய் வழியாக மரப்பு மருந்து செலுத்தும் ஊசி) போட்டால் வலியோடு அழுத்தமும் சற்றுத் தணியும் என்று மயக்கமருந்து மருத்துவர் சொன்னதும், “அந்த ஊசியே போதாதா, மருந்து எதற்கு?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

எபிடியூரல் வலி நரம்புகளோடு, இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும் நரம்புகளையும் மரத்துப்போகச் செய்கிறது. குழாய்கள் தளர்வதாலும், வலியினால் பெருகும் அட்ரினலின் குறைவதாலும் அழுத்தம் இறங்குகிறது. ஆனால் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அளவுக்கு மீறி இறங்கினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைந்து குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறும். லாபெட்டலோல், நிஃபெடிபின், ஹைட்ராலசின் ஆகிய அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளையோ அளவு பார்த்துக் கூட்டிக் கொடுக்கலாம். 160/110ஐத் தாண்டினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் இருப்பதால் அழுத்தத்தை விரைவாக இறக்க வேண்டும். அந்த வேலைக்கு இம்மருந்துகளே உரியவை (ஆஸ்துமா உள்ளவர்களுக்கு லாபெட்டலோலைத் தவிர்ப்பார்கள்).

வலிப்பைத் தடுப்பது வேறு வேலை. அதற்கு மெக்னீசியம் சல்ஃபேட் வேண்டும். ஏறத்தாழ 10,000 பெண்களை உட்படுத்தி 2002இல் வெளியான மேக்பை ஆய்வில், அது வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது தெரியவந்தது. எபிடியூரலால் இது ஆகாது. ஆகவே சிகிச்சை என்ற அளவில் முதுகு ஊசி மருந்துக்கு ஈடாகாது என்பதே என் முடிவு.

அறுவை சிகிச்சை என்று வரும்போது ஒப்பீடு மாறிவிடுகிறது. முழு மயக்கத்துக்குத் தொண்டையில் குழாய் செருகும் அந்த நொடியில் அழுத்தம் சட்டென்று எகிறக்கூடும். இந்நோயில் தொண்டையும் வீங்கியிருப்பதால் குழாய் செருகுவதே கடினமாகலாம். முதுகில் போடும் இன்னொரு வகை மரப்பு ஊசியான தண்டுவட ஊசி இந்த இரண்டு ஆபத்தையும் தவிர்க்கிறது. அதைப் போட்டால் இந்நோயாளிகளுக்கு அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும் என்று ஒரு காலத்தில் அஞ்சினார்கள். ஆனால் ஆரோக்கியமான தாய்மார்களைவிட இவர்களுக்கு அழுத்தம் குறைவாகவே இறங்குகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. எபிடியூரல் குழாயை முன்கூட்டியே பொருத்தியிருந்தால், அவசர அறுவையின்போது அதே குழாய் வழியாக மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதில் காலம் முக்கியம். இந்நோயில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வேகமாகக் குறையலாம். 70,000க்குக் கீழே போனால், தண்டுவடத்தின் அருகே இரத்தம் கட்டிவிடுமோ என்று மருத்துவர்கள் முதுகில் ஊசி போடத் தயங்குவார்கள். அப்போது முழு மயக்கமே வழி. நம் வீடுகளில் பலர் ஊசியை ஒத்திப்போடுவது ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்ற பயத்தால்தான். நாள்பட்ட முதுகுவலிக்கும் எபிடியூரலுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

தங்கைக்கு முதலில் லாபெட்டலோலும் மெக்னீசியமும் ஏறின. தட்டணு எண்ணிக்கை வந்த பிறகே ஊசி. தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து அவள் உட்கார்ந்திருக்க, கைப்பட்டை சில நிமிடத்துக்கு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. அரை மணி நேரத்தில் திரையில் 138/88 என்று தெரிந்ததும் அம்மா கைகூப்பினார். மெக்னீசியத்தை மட்டும் குழந்தை பிறந்த மறுநாள் வரை அவர்கள் நிறுத்தவில்லை.