கண்ணுக்குள் எண்ணெயோடு ஊரிலிருந்து திரும்பியது

சென்ற ஆண்டு மூன்று வார விடுப்பில் கோவையில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, வலக்கண்ணின் ஓரத்தில் இரண்டு நாள் மின்னல் போல ஒளி வெட்டியது. மூன்றாம் நாள் காலை கீழ்ப்புறம் மூக்கோரத்திலிருந்து ஒரு கருந்திரை ஏறத் தொடங்கியது. பள்ளி நாள் முதல் மைனஸ் ஆறு கண்ணாடி அணிபவன் ஆதலால், விழித்திரை (கண்ணின் உட்புறம் பின்னால் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் படலம்) விலகும் வாய்ப்பு எனக்கு அதிகம் என்று நான் வசிக்கும் டொரொண்டோவில் முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு நாளும் தள்ளிப் போடாமல் கண் மருத்துவமனைக்குப் போய்விட்டோம்.

காலையில் டோக்கன் வாங்கியவனுக்கு மாலைக்குள் ஸ்கேன், விழித்திரை மருத்துவர், கவுன்சிலர் என எல்லாம் முடிந்து, மறுநாளே அறுவைச் சிகிச்சைக்கு நேரம் குறித்துவிட்டார்கள். விழித்திரையின் மேற்புறத்தில் கிழிசல் என்பதால், அதை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினாலே போதும் என்பது மருத்துவரின் முதல் கருத்து. ஆனால் வாயு இருக்கும் வரை விமானம் ஏறக் கூடாது. விமான அறையின் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தில் இருப்பதைப் போலக் குறைந்துவிடும். உள்ளிருக்கும் வாயு விரிந்து, கண் அழுத்தம் கூடி, இரத்த ஓட்டமே தடைபட்டுப் பார்வை போகலாம். எனக்குத் தேவைப்பட்ட வாயு கரைய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். விடுப்போ பத்து நாள்தான் மிச்சம். வாயுவுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் நிரப்பும் சிலிக்கான் ஆயில் என்னும் எண்ணெய் விரியாது, ஆகவே பறக்கலாம். நான் ஆயிலைக் கேட்டு வாங்கினேன் என்றே சொல்ல வேண்டும்.

வாயு தானாகக் கரையும், ஆயில் கரையாது. இன்னொரு அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும் என்று கவுன்சிலர் இரண்டு முறை சொன்னார். பயணச்சீட்டையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை.

1962 முதல் இந்த நோய்க்குக் கையாளப்பட்டு வரும் பொருள் சிலிக்கான் ஆயில். விழித்திரையை அது ஒட்டுவதில்லை. கிழிசலைச் சுற்றி லேசரால் இட்ட தழும்பு இறுகும் வரை அதை அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவே. நீரைவிட எடை குறைந்தது என்பதால் எப்போதும் மேலே மிதக்கும். அதனால்தான் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். மல்லாந்து படுத்தால் அது லென்ஸின் பக்கம் வந்து அழுத்தும். அக்கா வீட்டுத் திண்ணையில் தலையணையில் முகம் புதைத்துக் கழித்த அந்தப் பத்து நாள், விமானத்தின் இருபது மணி நேரத்தைவிடக் கடினமாக இருந்தது. ஆயில் கண்ணின் பவரைப் பிளஸ் பக்கம் தள்ளுவதால் என் மைனஸ் ஆறு ஏறக்குறைய அழிந்துபோனது ஒரு வேடிக்கை. நாற்பது ஆண்டுக் கண்ணாடி அந்தக் கண்ணுக்குத் தேவையில்லாமல் போயிற்று, பார்வை மங்கலாகவே இருந்தாலும்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வேலையையும் விடுப்பையும் காரணம் காட்டி ஒன்பது மாதம் கடத்தியது முழுக்க என் தவறு. அதற்குள் கண்புரை வளர்ந்துவிட்டது; 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் 34 ஆகியிருந்தது. ஆயில் நுண்துளிகளாக உடைந்து, கண்ணின் முன்னறையில் (கருவிழிக்கு உட்புறம் நீர் நிற்கும் இடம்) மேலோரமாக வெண்கோடு போலத் தேங்கி, நீர் வடியும் பாதையை அடைத்திருந்தது. சீழ் என்றால் அடியில் தங்கும். இது மேலே நிற்பதைப் பார்த்தே டொரொண்டோ மருத்துவர் கண்டுகொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: ஆயிலின் பாகுத்தன்மை (எவ்வளவு கெட்டியாக ஓடும் என்ற அளவு) 1000-ஆ, 5000-ஆ? 1000 என்றால் செலுத்தவும் எடுக்கவும் எளிது, ஆனால் விரைவில் உடையும். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிலிக்கான் ஆயில்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. அத்தனை விரைவாகவும் கனிவாகவும் பார்த்துக்கொண்ட இடத்தின் மீது எனக்குள்ள ஒரே குறை இதுதான். நோயாளி வேறு நாட்டுக்குப் போகிறார் என்று தெரிந்தும் அந்த ஓர் எண்ணை எழுதாமல் விட்டது சின்ன விஷயமல்ல. தொலைபேசியில் பிடித்துக் கேட்க நான்கு நாளாயிற்று, 1000 என்றார்கள்.

அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்துடன் இவ்வாண்டு மீண்டும் கோவைக்கு வந்து, ஆயிலையும் கண்புரையையும் ஒரே அமர்வில் எடுத்துக்கொண்டேன். செயற்கை லென்ஸுக்கு அளவெடுப்பதிலும் ஆயில் குறுக்கே நிற்கிறது: ஒலி அதற்குள் மெதுவாகச் செல்வதால், திருத்தம் செய்யாவிட்டால் அல்ட்ராசவுண்ட் கருவி கண்ணை உள்ளதைவிட நீளமாகக் காட்டும். அதனால் ஒளியால் அளக்கும் கருவியில் அளந்தார்கள். ஆயில் போன பின் விழித்திரை மறுபடி விலகும் வாய்ப்பு உண்டென்பதால் இம்முறை பயணச்சீட்டைப் பின்னரே வாங்கினேன். துளிகள் சில இன்னும் மிதக்கின்றன. சொட்டு மருந்து தொடர்கிறது. புதிய சம்மரியில் முன்பு வைத்த ஆயிலின் பாகுத்தன்மை எண், வைத்த நாள், எடுத்த நாள், லென்ஸின் பவர் எல்லாவற்றையும் மருத்துவர் முன்னிலையிலேயே எழுதி வாங்கி, அதன் படத்தை டொரொண்டோவுக்கு அனுப்பிய பிறகுதான் அக்காவிடம் விடைபெற்றேன்.