பழைய கேம்ரி: கிலோமீட்டரை விட எஞ்சினைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் நடுத்தர செடான் தேடுகிறவர்கள் பலரும் கடைசியில் 2007–2011 டொயோட்டா கேம்ரி முன்னால் வந்து நிற்பார்கள். அதில் தப்பில்லை. பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம், மேடுபள்ளம் உள்ளே தெரியாது, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் ‘கேம்ரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பானெட்டுக்குள் எந்த எஞ்சின் இருக்கிறது என்பதில்தான் லாபமும் நஷ்டமும்.

2.4 லிட்டர் எஞ்சின் (2ஏஇசட்-எஃப்ஈ) ஆயில் குடிக்கும். எல்லா வண்டியும் அல்ல, ஆனால் குடிக்கிறவை நிறைய. பிஸ்டனில் ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்தில் சிறு துளைகள் உண்டு. சிலிண்டர் சுவரிலிருந்து ரிங் வழித்தெடுக்கும் ஆயில் அவற்றின் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். கரி அடைத்துக்கொண்டால் ஆயில் மேலேயே தங்கி எரிந்துபோகும். ஆயில் இவ்வளவுதான் குறையலாம் என்று டொயோட்டா வைத்த வரம்பு 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய 1,900 கி.மீ.க்கு 0.95 லிட்டர். எஞ்சினில் பிடிக்கும் ஆயிலோ ஃபில்டரோடு சேர்த்து 4.3 லிட்டர்தான். இந்தக் கணக்கில் ஆயிலைப் பார்க்காமலே 8,000 கி.மீ. ஓட்டினால் உள்ளே அரை லிட்டர்கூட மிஞ்சாது. கெட்டி ஆயில் ஊற்றினால் கொஞ்சம் குறையலாம், தீராது. தீர வேண்டுமானால் எஞ்சினைப் பிரித்துத் திருத்தப்பட்ட பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். பழைய வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் தேன் நிறத்தில் மின்னினால் அண்மையில்தான் மாற்றியிருக்கிறார்கள். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். முனையில் பிசுபிசுப்பான கரி இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். புகை வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பெல்ட் ஓடும் பக்கம் டார்ச் அடித்து வாட்டர் பம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்புப் படிவு காய்ந்திருந்தால் கூலண்ட் கசிகிறது. இது மிரள வேண்டிய வேலை அல்ல, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

3.5 லிட்டர் வி6 சீறிக்கொண்டு போகும்: 268 குதிரைத்திறன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. விவிடி-ஐக்கு (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) போகும் ஆயில் குழாயின் நடுவில் ஆரம்பகால வண்டிகளில் ரப்பர் துண்டு இருக்கும். அது வெடித்தால் சில நிமிடங்களில் ஆயில் முழுக்கக் கொட்டி எஞ்சின் சிக்கிக்கொள்ளும். முழு உலோகக் குழாய் மாற்றியிருக்கிறார்களா என்று கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் கைகாட்டுவது 2.5 லிட்டர் (2ஏஆர்-எஃப்ஈ). வட அமெரிக்க கேம்ரியில் 2010 மாடலிலிருந்து ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. பல நாடுகளில் 2011 வரை 2.4தான் ஓடியது. ஆண்டை மட்டும் நம்பாமல் எஞ்சின் குறியீட்டைப் படிப்பது அதனால்தான். குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு நொடி கடகடவென்று சத்தம் வந்தால் விவிடி-ஐ கியர் தேய்ந்திருக்கலாம்.

வெயிலில் கிடந்த வண்டிகளில் டாஷ்போர்டு உருகிப் பிசுபிசுக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் பெடலுக்கும், 2007–2009 வண்டிகளில் ஜன்னல் சுவிட்சுக்கும் ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்தது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் வேலை முடிந்ததா என்று டீலரே சொல்லிவிடுவார்.