ஆப்ட் படுத்துக்கிச்சா? ரிப்பேர் பண்றதா, ஃபார்மேட் போடுறதா

மன்னார்குடியோ கும்பகோணமோ, உபுண்டு லினக்ஸ் போட்ட சிஸ்டத்துல, சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற ஆப்ட் (apt) மக்கர் பண்ணுதுன்னு தூக்கிட்டுப் போனா சர்வீஸ் கடையில ஒரே பல்லவி தான், "ஃபார்மேட் போட்டுரலாம் சார்". சில கேஸ்ல அது சரி தான், இல்லைங்கல. ஆனா டிபிகேஜி உயிரோட இருக்கிற வரைக்கும் ஃபார்மேட் வீண் செலவுங்கிறது என் கட்சி. ஆப்ட் மேல உக்காந்து எதை எங்கேருந்து இறக்கணும்னு பாக்குற ஆளு, இறக்கின டெப் ஃபைலை, அதாவது சாஃப்ட்வேர் பேக்கேஜை, பிரிச்சு உள்ள வைக்கிற ஆளு டிபிகேஜி (dpkg). இதுல யாரு விழுந்திருக்கான்னு பாக்காம வைத்தியம் பாக்கவே முடியாது.

நம்ம ஊர்ல இது எப்ப நடக்கும்னா பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில. சம்பா பயிர் காப்பீட்டுக்கு பிரவுசிங் சென்டர்ல கூட்டம் நிக்கும், வெளிய மழை, யூபிஎஸ் பேட்டரி செத்து வருஷக்கணக்காச்சு, பின்னாடி அன்அட்டெண்டட் அப்கிரேட், அதான் நம்மளக் கேக்காம தானா அப்டேட் போடுற வேலை, ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிரும். திரும்ப ஆன் பண்ணி எதையாவது இன்ஸ்டால் பண்ணா "டிபிகேஜி பாதியில நின்னுருச்சு"ன்னு எர்ரர். அந்த எர்ரர்லயே மருந்தும் எழுதியிருக்கும், யாரும் படிக்கிறதில்ல. டெர்மினல்ல அடிக்க வேண்டியதை போன்ல சொல்ற மாதிரி சொன்னா: சூடோ டிபிகேஜி, ரெண்டு கோடு போட்டு கான்ஃபிகர், அப்புறம் ஒத்தைக் கோடு ஏ. அது முடிஞ்சதும் சூடோ ஆப்ட், ரெண்டு கோடு, ஃபிக்ஸ் கோடு புரோக்கன், இன்ஸ்டால். பாதியில நின்ன அப்கிரேடுக்கு இறக்கின டெப் எல்லாம் வார் கேஷ் ஆப்ட் ஆர்கைவ்ஸ்ல அப்படியே கிடக்கும், அதனால நெட் டேட்டாவும் பெருசா செலவாகாது. இலவச லேப்டாப்ல வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி தாங்கிறதால அங்கயும் இதே கதை தான்.

இதுக்குப் போட்டியா வாட்ஸப்ல சுத்துற வைத்தியம், ஒரே நேரத்துல ரெண்டு புரோகிராம் இன்ஸ்டால் பண்ணாம தடுக்குற லாக் ஃபைலை டெலீட் பண்றது. இதை நான் அறவே ஒத்துக்க மாட்டேன். பூட்டுங்கிறது அந்த ஃபைல் இல்ல, ஓடிட்டு இருக்கிற புரோகிராம் அது மேல கெர்னல் கிட்ட, அதாவது லினக்ஸோட மையப் பகுதி கிட்ட, வாங்கி வச்சிருக்கிற பிடி. புரோகிராம் செத்தா பிடி தானா விட்டுரும், ஃபைல் கிடந்தா கிடக்கட்டும். புரோகிராம் ஓடும்போது ஃபைலை அழிச்சீங்கன்னா அடுத்த ஆளு புதுசா ஒரு லாக் ஃபைல் உண்டாக்கி அதைப் பூட்டிட்டு உள்ள வந்துருவான், அப்ப ரெண்டு பேரும் ஒரே டேட்டாபேஸ்ல கை வைப்பாங்க, சின்னக் கோளாறு பெருசாகிரும். காலையில கடையைத் திறந்து சிஸ்டம் போட்டதும் லாக்னு வந்தா அது பெரும்பாலும் அந்த அன்அட்டெண்டட் தான், எந்த பிராசஸ் பிடிச்சிருக்குன்னு நம்பரோட வரும், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான கேஸ். "ஃபைல்ஸ் லிஸ்ட் ஃபைல்ல கடைசி நியூலைன் காணோம்"னு ஒரு பேக்கேஜ் பேரைச் சொல்லி டிபிகேஜி நின்னுரும். கரண்ட் போனதுல வார் லிப் டிபிகேஜி இன்ஃபோ ஃபோல்டர்ல, அந்த பேக்கேஜ் என்னென்ன ஃபைல் வச்சிருக்குன்னு சொல்ற லிஸ்ட் ஃபைல் குப்பையாகியிருக்கும், திறந்து பாத்தா எழுத்தே இருக்காது. அதை மட்டும் வேற இடத்துக்கு நகர்த்திட்டு அந்த பேக்கேஜை ரீஇன்ஸ்டால் பண்ணா போதும். எந்தெந்த பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகியிருக்குன்னு பதிவு வச்சிருக்கிற ஸ்டேட்டஸ் ஃபைலே போயிருந்தா, இன்ஃபோ ஃபோல்டருக்குப் பக்கத்துலயே ஸ்டேட்டஸ் ஓல்டு இருக்கும், வார் பேக்கப்ஸ்ல டிபிகேஜி ஸ்டேட்டஸ் ஜீரோன்னு பழைய காப்பியும் இருக்கும். இதுக்கு ஃபார்மேட் போட்டா சிரிப்பு தான் வருது.

ஆப்டே திறக்கல, லைப்ரரி காணோம்ங்கிறான்னா இன்னொரு சிஸ்டத்துல இருந்து ஆப்டுக்கு வேண்டிய லைப்ரரியான லிப்ஆப்ட் பிகேஜி டெப்பை பென்டிரைவ்ல கொண்டு வந்து டிபிகேஜி ஒத்தைக் கோடு ஐ. ஒரே கண்டிஷன், உபுண்டு ரிலீஸ் பொருந்தணும்: 22.04-ல அது 6.0, 24.04-ல பேருக்குப் பின்னாடி டி64 ஒட்டியிருக்கும். டிபிகேஜியே காலின்னா லைவ் யூஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாமலே உபுண்டு ஓடுற பென்டிரைவ்) பூட் பண்ணி, டிபிகேஜியோட டெப்பை ஒரு தனி ஃபோல்டர்ல பிரிச்சு, காணாமப் போன ஃபைலை மட்டும் எடுத்து வச்சு, குரூட் (chroot) போட்டு, அதாவது டிஸ்க்ல இருக்கிற சிஸ்டத்துக்கு உள்ள போய் முறைப்படி திரும்ப இன்ஸ்டால் பண்ணணும். மொத்தத்தையும் சிஸ்டத்தோட ரூட் ஃபோல்டர்ல கொட்டாதீங்க, பேக்கேஜ் பதிவாகவும் செய்யாது, சிம்லிங்க் (வேற இடத்தைக் காட்டுற குறுக்கு வழி) போனா வேற வம்பு.

தஞ்சாவூர் பக்கம் காலேஜ் பசங்க பைதான் 3 லிங்க்கை புது வெர்ஷனுக்கு மாத்திட்டு புது சோர்ஸ் சேக்குற ஆட் ஆப்ட் ரெபாசிட்டரி கமாண்ட் ஓடலன்னு வருவாங்க. லிங்க்கைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுப்பா, முடிஞ்சுது.

இப்ப ஃபார்மேட் பக்கம் வருவோம். 24.04 ஐஎஸ்ஓ மட்டும் கிட்டத்தட்ட 6 ஜிபி, தினம் 2 ஜிபி பேக்குன்னா மூணு நாள் டேட்டா அதுலயே காலி, அதுக்கப்புறம் அப்டேட், தமிழ் கீபோர்டு, அந்தப் பழைய லேசர் பிரிண்டரோட டிரைவர், அது ஒண்ணே ஒரு சாயங்காலத்தை முழுங்கும். ஆனா ரெண்டு ரிலீஸோட சோர்ஸை (பேக்கேஜ் இறக்குற இடம்) கலந்து போட்டு எந்த லைப்ரரி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாத சிஸ்டம், இல்ல டிஸ்க்கே ரீட் எர்ரர் அடிக்குதுன்னா நானே ஃபார்மேட் தான் சொல்லுவேன், டிஸ்க் கேஸ்ல புது எஸ்எஸ்டி மேல. ஹோம் ஃபோல்டரை வெளிய காப்பி எடுத்துட்டு, இடிசி ஃபோல்டரையும் சேத்து எடுத்துக்கோங்க, பிரிண்டர் செட்டிங் அங்க தான் இருக்கும்.